சீவலப்பேரியில் வெடித்த சீமைப் பீரங்கி

செத்துப்போன புருஷனைக் கண்டுபிடித்துத் தரும்படி ஒரு பெண்பிள்ளை வந்து கேட்டால், துப்பறிகிறவன் என்ன சொல்ல வேண்டும்? கபர்ஸ்தானுக்கு வழி காட்ட வேண்டும் என்பது என் கட்சி. என் முதலாளி காந்திமதிநாதன் அண்ணாச்சி அப்படிச் செய்கிறவர் அல்லர். "ஏலே சுவிசேஷமுத்து, மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்று என்னை ஏவிவிட்டு, வண்டித் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷம், மாசி மாதம். ஜெர்மன் சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. அண்ணாச்சி பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். வக்கீல் கோர்ட்டில் தோற்ற வழக்கையெல்லாம் இவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஜெயித்துக் காட்டியதில் வேலை போயிற்று. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக வேண்டியவன். பாதிரியார் பிரசங்கம் செய்வதை அவர் முதுகுக்குப் பின்னால் நடித்துக் காட்டினேன், அவர் திரும்பிவிட்டார். ஆக, வேலை போன இரண்டு பேர் சேர்ந்து துப்பறிந்துகொண்டிருந்தோம்.

ஆற்றங்கரை மருதமரத்தடியில் நின்ற அந்தக் கூண்டு வண்டி மேலப்பாளையத்திலிருந்து வந்தது. முன்னும் பின்னும் பச்சைத் துணி தொங்கியது. உள்ளே ஆபிதா பீவியும் அவளுடைய தாய்மாமன் மனைவியான மாமி ஜுபைதா பீவியும் இருந்தார்கள். அன்னியருக்கு முகம் காட்டாத, நெசவுக்காரர் வீட்டு கோஷாப் பெண்கள். தர்காவுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். ஆபிதாவின் முகத்தை நாங்கள் கடைசி வரையில் பார்க்கவில்லை. குரல் மட்டும்தான்.

"என் மாப்பிள்ளை பேரு இப்ராஹிம். தறி ஓடலைன்னு பட்டாளத்துக்குப் போனாரு. பஸரா சண்டையில மௌத்தாயிட்டாருன்னு போன வருஷம் சர்க்கார்ல இருந்து தகவல் வந்தது. கூடப் போன சேக் முகம்மதும் காயத்தோட திரும்பி வந்து, கண்ணால கண்டேன்னு சொன்னாரு. நானும் அழுது முடிச்சு, நாலு மாசம் பத்து நாள் வெளிய வராம இத்தா இருந்து முடிச்சாச்சு. நாளை மறுநாள் எனக்கு நிக்காஹ்."

"மாப்பிள்ளை யாரும்மா?" என்றார் அண்ணாச்சி.

"அந்த சேக் முகம்மதுதான்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் மாட்டைப் பார்த்தேன். மாடுகூடத் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டது.

"முந்தாநேத்து மாமி கூட பயாஸ்கோப்பு பார்க்கப் போனேன்" என்றாள் ஆபிதா. "சண்டைப் படம். அதுல ஒருத்தரு குழாய்ப் பீரங்கிக்கு மருந்து போட்டுத் திரி வைக்காரு. அது அவருதான் அண்ணாச்சி."

"முகத்தைப் பார்த்தியா?"

"தலைப்பாவும் தாடியும் மறைச்சிட்டு. நான் கையைத்தான் பார்த்தேன். திரி முறுக்கதுக்கு முன்னால குனிஞ்சு, அங்கன கெடந்த சாம்பலை விரல் நுனியில தொட்டுக்கிட்டாரு. நாங்க பாவு பிணைக்கது அப்படித்தான்."

தறியில் நீளவாட்டில் ஓடுகிற பழைய பாவு நூல் தீர்ந்ததும் புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு சேர்த்து முறுக்க வேண்டும். விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். இதை எனக்கு அண்ணாச்சி அப்புறம் சொன்னார்.

"மேலப்பாளையத்துல சாம்பல் தொடாதவன் யாரு?" என்று மாமி குறுக்கே விழுந்தாள். "இவளுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு. தர்காவுக்குன்னு சொல்லி என்னை இங்கன இழுத்துட்டு வந்திருக்கா."

"எல்லாரும் தொடுவாங்க மாமி. தொட்ட கையை இடுப்பு வேட்டியில தொடைக்க மாட்டாங்க. தொடைச்சா பொறகு எதுக்குத் தொடணும்? இவரு தொடுவாரு, தொடைப்பாரு, மறுபடியும் தொடுவாரு. என் வாப்பா ஏசாத நாள் கிடையாது. வேட்டி பூரா விரல் தடமா இருக்கும். அதைத் துவைச்சவ நான்."

ஆபிதாவின் குரல் இறங்கியது.

"ஒண்ணுதான் எனக்குப் புரியலை. படத்துல எல்லாத்தையும் இடங்கையால செய்யுதாரு. அவரு சோத்துக்கைக்காரரு. சண்டையில வலங்கை வெளங்காமப் போயிட்டுதோ? இடங்கையாலயா சோறு திங்காரு?"

"வீட்டுல யாரு கிட்டயாவது சொன்னியாம்மா?" என்றார் அண்ணாச்சி.

"என் கூடப்பிறந்த காக்கா அலி அக்பர் கிட்ட சொன்னேன். அடக்கம் பண்ணுன மையித்து படத்துல எந்திரிச்சு வருமான்னு கேக்காரு. அவரு உசுரோட இருந்தா இந்த நிக்காஹ் ஹராம். இல்லைன்னா நான் ஒரு பேச்சும் பேசாம சேக் முகம்மது வீட்டுக்குப் போயிருவேன். எனக்கு ஒரு வார்த்தை போதும் அண்ணாச்சி. இருக்காருன்னோ, இல்லைன்னோ."

வண்டி போன பிறகு, "சேக் முகம்மதுதான் ஆளு" என்றேன். "சிநேகிதன் செத்ததா கதை கட்டி, பொண்டாட்டியைத் தட்டிட்டுப் போறான். அத்தியாயம் முடிஞ்சது. வாங்க, சாப்பிடப் போவோம்."

"நீ கட்டுற கதையில எப்பவும் சாப்பாடு சீக்கிரம் வந்திருது" என்றார் அண்ணாச்சி.

பாளையங்கோட்டை மைதானத்துப் படக்கொட்டகை சத்தியநேசனுடையது. எங்கள் சபைக்காரர்தான், ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகம் இல்லாமலே சத்தமாகப் பாடுகிறவர். கூடாரத்துக்கு நடுவில் வெள்ளைத் துணியைக் கட்டி, படம் தொடங்குமுன் நன்றாக நனைத்துவிடுவார். நனைந்த துணியில் படம் இரண்டு பக்கமும் தெரியும். முன்பக்கம் ஆண்கள், பின்பக்கம் கோஷாப் பெண்கள். இங்கிலீஷ் எழுத்து வந்தால் பெண்கள் பக்கம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பித் தெரியும். அங்கே யாரும் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதில்லை. எங்கள் பக்கம் நேராகத் தெரிந்தும் என்ன வாழ்ந்தது?

விளக்கு வைக்கிற நேரத்தில் போய் உட்கார்ந்தோம். முன்வரிசை நாற்காலியில் ஆள் சேர்க்கிற அதிகாரிகளும் ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் இருந்தார்கள். இப்படிப்பட்ட படத்தைப் பார்த்து எங்கள் ஊர்ப் பையன்கள் பட்டாளத்தில் சேர வேண்டும் என்பது ஏற்பாடு.

முதலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்தார்கள். பள்ளத்துக்குள் ஒரு குழாய் வானத்தைப் பார்த்து நின்றது. மார்ட்டர் என்று அதற்குப் பெயராம். ஒருவன் குண்டை எடுத்துக் குழாயின் வாயில் போட்டான். எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். குழாய் ஒரு துள்ளுத் துள்ளியது. எங்கோ தூரத்தில் கொஞ்சம் புகை தெரிந்தது. அவ்வளவுதான்.

"என்னவே இது, ஆட்டுக்குட்டி தும்முன மாதிரி இருக்கு" என்றார் எனக்குப் பின்னால் இருந்தவர்.

அடுத்து வந்ததுதான் படம். தலைப்பாகை கட்டிய நம் ஊர்ச் சிப்பாய்கள், மணல் மூட்டை அடுக்கிய பள்ளம், பருத்த ஒரு குழாய். தாடிக்காரன் ஒருவன் மருந்தைக் கொட்டிக் கம்பால் இடித்துக் கிட்டித்தான். குனிந்து சாம்பலைத் தொட்டான். இடுப்பில் துடைத்தான். மறுபடி தொட்டான். திரியை முறுக்கிக் குழாயின் பக்கத்துத் துளையில் செருகி, நீளக் கம்பால் நெருப்பு வைத்தான். துணி முழுவதும் புகை. அதே சமயம் திரையோரத்தில் நின்ற ஆள் டமாரத்தில் ஓங்கி ஓர் அடி போட்டான். கூடாரமே விசில் அடித்தது. சப்-இன்ஸ்பெக்டர்கூடக் கை தட்டினார்.

"வலங்கை" என்று அண்ணாச்சியின் காதில் சொன்னேன். "எல்லாத்தையும் வலங்கையால செய்யுதான். அந்தப் பொண்ணு தப்பாப் பார்த்திருக்கு. ஆள் வேற."

"அவ உக்காந்தது துணிக்கு அந்தப் பக்கம்லே. நமக்கு வலதுன்னா அவளுக்கு இடது. அவன் கை பத்திரமா இருக்கு."

எனக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துபோயிற்று. அவளிடம் ஓடிப்போய் இதை மட்டுமாவது சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

அண்ணாச்சிக்கு மனசு குளிரவில்லை. "முதல்ல வந்த பீரங்கி, குண்டை வாயில போட்டா வெடிக்கு. ரெண்டாவது வந்தது, காதுல தீ வச்சா வெடிக்கு. ஒரே பட்டாளத்துல ரெண்டு சாதிப் பீரங்கியா? நம்ம ஊர்ல எதுக்குலே காதுல தீ வைப்பாங்க?"

"கோயில் அதிர்வேட்டுக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே விளங்கியது.

"பின்னால ஒரு மண்டபம் தெரிஞ்சுது பாத்தியா? ஒரு தூணு மல்லாந்து கெடக்கு."

"பஸராவுல மண்டபம் கட்டக் கூடாதா?"

"கட்டலாம். தூணுல யாளி செதுக்க மாட்டான். அது சீவலப்பேரிப் படித்துறை. அந்தத் தூணு இந்த ஐப்பசி வெள்ளத்துல விழுந்தது. நானே போய்ப் பார்த்தேன். இப்ராஹிம் செத்ததா சொல்லுறது அதுக்கு முந்தி."

செத்தவன், செத்த பிறகு, சீவலப்பேரிக்கு வந்து வேட்டுப் போட்டிருக்கிறான். மேற்கொண்டு வேடிக்கை பேச எனக்குத் தோன்றவில்லை.

படம் முடிந்ததும் சத்தியநேசனைக் கூடாரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனோம். அண்ணாச்சி, "யாளியை எந்தக் கப்பல்ல வே பஸராவுக்கு ஏத்துனீரு?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மனுஷன் உட்கார்ந்துவிட்டார்.

"நான் என்ன செய்யட்டும் அண்ணாச்சி? சீமையில இருந்து வந்த படத்துல பீரங்கி தும்முது. சனங்க எந்திரிச்சுப் போவுதாங்க. அதான் கோயில் வேட்டுக்குழாயை இரவல் வாங்கி, மதராஸ்ல இருந்து படம் பிடிக்குத பொட்டி வரவழைச்சு, ஆத்துல வச்சுப் பிடிச்சேன். தயவு செஞ்சு அதிகாரிங்க கிட்ட சொல்லிராதீங்க."

"அந்தத் தாடிக்காரன் யாரு?"

"மணல் அள்ளிட்டு இருந்தான். வேட்டுக்காரன்தான் திரி வைக்கதா இருந்தது. இவன் தானா வந்து, 'இப்படிக் கிட்டிச்சா குழாய் பொளந்துரும், எல்லாரும் தள்ளுங்க'ன்னு சொல்லி அவனே செஞ்சான். பேரு கூடக் கேக்கலை."

மறுநாள் வெயில் ஏறுமுன் சீவலப்பேரியில் இருந்தோம். சிற்றாறு வந்து தாமிரபரணியில் விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேற்கே மணல் அள்ளுகிறவர்கள் இருந்தார்கள். பாதிப் பேருக்குத் தாடி. எல்லோர் வேட்டியும் ஒரே அழுக்கு.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுவோமா?" என்றேன்.

"கூப்பிட்டா ஓடிருவான். நீ குடையைக் கொண்டா."

அண்ணாச்சி என் குடைக்கம்பிகளைச் சேர்த்துக் கோத்திருந்த கயிற்றை முறுக்கி அறுத்தார். புதுக் குடை. பிறகு ஆட்களிடம் போய், "தம்பிமாரே, இதைக் கொஞ்சம் சேத்துத் தாங்கப்பா, எங்களுக்குக் கை வரலை" என்று நீட்டினார். முதல் ஆள் வாங்கி ஒரு முடிச்சுப் போட்டான். "முடிச்சு வேண்டாம், துளையில போகாது" என்று அண்ணாச்சி அதை அவிழ்த்துவிட்டார். இரண்டாவது ஆள் எச்சில் தொட்டு முறுக்கிப் பார்த்து, முடியாது என்று திருப்பித் தந்தான். மூன்றாவதாக இருந்த தாடிக்காரன் வாங்கினான். கல்லடுப்புக்கு அருகே போனான். குனிந்து சாம்பலைத் தொட்டான். இடுப்பில் துடைத்தான். மறுபடி தொட்டான்.

கயிறு சேர்ந்துவிட்டது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. இன்றைக்கும் அந்தக் குடை என்னிடம் இருக்கிறது.

அண்ணாச்சி அவனைத் தனியே அழைத்துப் போய், "ஆபிதா சொன்னது சரிதான்" என்றார் மெதுவாக.

அவன் ஓடவில்லை. மணலில் பைய உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் முதலில் கேட்டது, "அவ எப்படி இருக்கா?" என்றுதான்.

எனக்குக் கோபம் வந்தது. "நீ செத்துட்டேன்னு அழுது முடிச்சுட்டா. நாளைக்கு அவளுக்கும் சேக் முகம்மதுக்கும் நிக்காஹ். நீயும் அவனும் கூடிப் பேசித்தான நாடகம் போடுதீங்க?"

"சேக்கா?" என்றான். முகம் வெளுத்துப்போயிற்று. "அவன் பொய் சொல்லலை. அவன் கண்டது நிசந்தான். நான் செத்ததாத்தான் அவன் இன்னும் நெனச்சிட்டு இருப்பான்."

பிறகு சொன்னான். நான் அதைச் சுருக்கித்தான் எழுத முடியும். அவன் சொன்ன மாதிரி எழுத எனக்குத் தெம்பில்லை.

அங்கே அவனுக்கும் குழாய்ப் பீரங்கியில்தான் வேலை. குண்டை வாயில் போட வேண்டியது அவன். எதிரே துருக்கிப் படை. ஒருநாள் விடிகிற நேரத்தில் எதிர்ப் பள்ளத்திலிருந்து, தொழுகைக்குக் கூப்பிடுகிற பாங்கு கேட்டது.

"நம்ம பள்ளிவாசல்ல கேக்க அதே பாங்குதான் அண்ணாச்சி. எனக்குக் கை ஓடலை. பின்னால இருந்து துரை கத்துனான். போட்டேன். பாங்கு பாதியில நின்னுபோச்சு."

அவன் மணலைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

"அடுத்த குண்டு குழாய்க்குள்ளயே வெடிச்சுது. பக்கத்துல ஒருத்தன் குளுருதுன்னு நடுங்குனான். என் கோட்டைக் கழட்டி அவனுக்குப் போத்துனேன். அவன் செத்துட்டான். முகம் கிடையாது. கோட்டைப் பார்த்து இப்ராஹிம்னு அடக்கம் பண்ணிட்டாங்க. மயங்கிக் கெடந்த என்னை அவன்னு நெனச்சு, அவன் பேருல பம்பாய் ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. அங்கன இருந்து ஓடி வந்துட்டேன். இந்த ஊர்க்காரங்க நல்லவங்க, யாரு என்னன்னு கேக்கலை. வேட்டுக்காரன் அன்னைக்கு மருந்தைக் கிட்டிச்ச கிட்டிப்புல குழாய் பொளந்திருக்கும். சுத்தி அவ்வளவு சனம். பார்த்துட்டு சும்மா இருக்க முடியலை."

"நீ நின்னு வெடிச்சதை ஊர் பூராவும் பார்க்கு" என்றார் அண்ணாச்சி. "தினம் சாயங்காலம். சப்-இன்ஸ்பெக்டர் முன்வரிசையில இருந்து பார்க்காரு."

அன்றைக்கு ஆற்றில் வைத்திருந்த பெட்டி என்ன பெட்டி என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. பயத்தில் தாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"மேலப்பாளையத்துக்கு வாடா. அதிகாரிங்க கால்ல விழுந்தாவது ஏதாவது செய்வோம்" என்றேன்.

"வந்தா பட்டாளத்துல இருந்து ஓடுனவன்னு கட்டி வச்சுச் சுடுவான். ஒளிச்சு வச்சவங்களுக்கும் செயிலு. அவ காக்கா, வாப்பா, எல்லாருக்கும்."

"அப்போ அவளையும் கூட்டிட்டுக் கொழும்புக்குப் போயிரேன்" என்றேன்.

"தூத்துக்குடியில கப்பல் ஏறுதவன் மூஞ்சியையெல்லாம் ஒண்ணொண்ணாப் பார்த்துத்தான் விடுதாங்க. அதுவும் போகட்டும். மேலப்பாளையத்துல அஞ்சு வேளையும் பாங்கு கேக்கும். எனக்குப் பாங்கு கேட்டா உடம்பு நடுங்குது. பள்ளிவாசல் காதுல விழாத எடமாப் பார்த்துத்தான் இங்கன கெடக்கேன். அவ கிட்ட நான் செத்துட்டேன்னே சொல்லிருங்க."

அண்ணாச்சி அவன் எதிரே உட்கார்ந்தார். "சரி. சொல்லிருதேன். ஆனா அவ பாவத்துல விழக் கூடாது. நீ தலாக்னு சொல்லு. உங்க மார்க்கத்துல அது ஆம்பிளை சொன்னாலே செல்லும்னு கேட்டிருக்கேன். தலாக்குக்குப் பொறகு அவ இத்தா இருக்க வேண்டிய நாளுக்கு நான் ஏதாவது பொய் சொல்லி நிக்காஹைத் தள்ளிப்போடுதேன். சொல்லிட்டேன்னா அவளாவது பிழைச்சுக்கிடுவா."

இப்ராஹிம் தலையாட்டினான். வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. மறுபடியும் திறந்தான். பக்கத்தில் ஆறு ஓடுகிற சத்தம்தான் கேட்டது. கடைசியில் அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். "வரலை அண்ணாச்சி. அந்த வார்த்தை மட்டும் வரலை. மன்னிச்சுக்கிடுங்க."

திரும்பி வருகையில் வண்டிக்காரனைத் தவிர யாரும் பேசவில்லை. நான் பேசாமல் வருவதைக் கண்டு அவன், "பல்வலியா சார்வாள்?" என்று கேட்டான்.

வந்த கையோடு சத்தியநேசனிடம் போனோம். யாளி விஷயத்தை வெளியே விடாமல் இருப்பதாக வாக்குக் கொடுத்து, இப்ராஹிம் வருகிற துண்டைப் படச்சுருளிலிருந்து வெட்டி வாங்கினோம். அண்ணாச்சி அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கட்டம் கட்டமாக, சின்னச் சின்னதாக, இப்ராஹிம் குனிந்துகொண்டே இருந்தான். ஒவ்வொரு கட்டத்திலும் அவன் கை சாம்பலுக்குக் கொஞ்சம் கிட்டே போயிற்று. அண்ணாச்சி அதைக் கூடாரத்துச் சமையல்காரனின் அடுப்பில் போட்டார். பஸ்ஸென்று பிடித்து எரிந்து, ஒன்றுமில்லாமல் போயிற்று.

"இனி சப்-இன்ஸ்பெக்டர் தலைகீழா நின்னாலும் துப்புக் கெடையாது" என்றார். அந்தச் சமயத்தில் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

நிக்காஹ் நாள் காலையில் அதே மருதமரத்தடியில் அதே வண்டி நின்றது. மருதாணி வாசனை திரைக்கு வெளியே வந்தது. கல்யாணப் பெண்ணை வெளியே விட்டிருக்க மாட்டார்கள். மாமி என்ன பொய் சொல்லி அழைத்து வந்தாளோ தெரியாது. மாமி இன்று ஏசவில்லை.

அண்ணாச்சி வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னார். "விசாரிச்சுட்டேம்மா. படத்துல வந்தது உன் மாப்பிள்ளை இல்லை. கோயில்பட்டிப் பக்கத்து ஆளு. நெசவு வேலை தெரிஞ்சவன். கை அசைவு ஒண்ணு போல இருந்திருக்கு. நீ மனசைத் தேத்திக்கிட்டு…"

"நேத்து சாயங்காலம் மாமியைப் படத்துக்கு அனுப்பி வச்சேன்" என்றாள் ஆபிதா.

"எதுக்கும்மா?" என்றார் அண்ணாச்சி.

"நான் பார்த்தது சரிதானான்னு இன்னொரு தடவை பார்த்துட்டு வரச் சொன்னேன். அந்த எடம் வரலையாம். வெடி எங்கேன்னு ஆம்பிளைங்க பக்கம் ஒரே கூச்சலாம். வெட்டி எடுத்துட்டாங்கன்னு பேசிக்கிட்டாங்களாம்."

"பிலிம் அறுந்திருக்கும்மா" என்றேன் நான்.

"நீங்க போய் விசாரிச்ச அன்னைக்கேயா?" என்றாள். கோபமில்லாமல்தான் கேட்டாள். "செத்தவங்களை யாருக்குப் பயந்துய்யா ஒளிக்கணும்?"

இத்தனை வருஷத்தில் அண்ணாச்சியின் பொய்யை ஒருவர் பிடித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். நாங்கள் தடயத்தை அழித்திருந்தோம். அழித்ததுதான் அவளுக்குத் தடயமாகிவிட்டது. அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"எங்கன இருக்காருன்னு நான் கேக்கலை. கேட்டா யாரு கிட்டயாவது சொல்லிருவேன். வரக்கூடியவரா இருந்தா வந்திருப்பாரு" என்றாள். பிறகு, "வலங்கை இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா. ரெண்டு கையும் நல்லா இருக்கு. வலங்கையாலதான் சாப்பிடுதான்."

திரைக்குள்ளே மாமி மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னைக்கு என்ன செய்யப் போறே தாயி?" என்றார் அண்ணாச்சி. அவர் யாரையும் தாயி என்று அழைத்து நான் கேட்டதில்லை.

"இருக்காருன்னு சொன்னா அவரைப் பிடிச்சிருவாங்க. சரின்னு சொன்னா எனக்கு ஹராம். நிக்காஹ் நேரத்துல பொண்ணு தரப்புக்குப் பேசுத வக்கீலும் சாட்சியும் வந்து என் கிட்ட சம்மதமான்னு கேப்பாங்க. முதல் நிக்காஹுல நான் வெக்கப்பட்டுப் பேசலை. கன்னிப்பொண்ணு பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துக்கிடுவாங்க. இப்ப அப்படி எடுத்துக்கிட முடியாது. புருஷனைப் பறிகொடுத்தவ வாயைத் திறந்து சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"அலி அக்பர் சும்மா விடுவாரா?"

"விட மாட்டாரு. அடிப்பாரு. பேய் பிடிச்சிருக்குன்னு மந்திரிப்பாங்க. நாளைக்கும் கேப்பாங்க, அடுத்த மாசமும் கேப்பாங்க."

"அதுக்கப்புறம்?"

"தெரியலை அண்ணாச்சி."

அங்கே ஆற்று மணலில் ஒருவன் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தான். இங்கே இவள் ஒரு வார்த்தையைச் சொல்லப் போவதில்லை. அவனைப் பற்றி அவளிடம் இதையாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் நன்மையா தீமையா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மாமி வண்டிக்காரனுக்குக் குரல் கொடுத்தாள். வண்டி மேலப்பாளையத்துப் பாதையில் திரும்பியது.

"சேக் முகம்மது கிட்ட ரகசியமாப் பேசிப் பார்ப்போமா?" என்றேன்.

"என்னன்னு பேசுவே? அவனும் நல்லவன்லே. ஒருத்தனாவது கெட்டவனா இருந்திருந்தா நாம ஏதாவது செஞ்சிருக்கலாம்."

நடுப்பகல் ஆயிற்று. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பாங்கு கிளம்பியது. வேகமாக நடந்தால் சாப்பாட்டு நேரத்துக்கு ஊருக்குள் போய்விடலாம். நான் குடையை விரித்தேன். இப்ராஹிம் முறுக்கித் தந்த கயிறு இறுகி நின்றது. அண்ணாச்சி நகரவில்லை.

"நில்லுலே" என்றார். "முழுசாக் கேட்டுட்டுப் போவோம்."